தூக்குப்பாலம் அறிந்தவர்கள்: நிறுவனங்கள் எப்படி மறக்கின்றன?

(ராமநாதபுரத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய அச்சு வடிவம்)



தரப்பட்ட தலைப்பு, நிறுவனங்கள் தம் அறிவைப் பேணுவதும் தக்கவைப்பதும் பற்றியது. மேலாண்மைக் கல்லூரிகளில் இதைப் பேசும்போது சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள மென்பொருள் நிறுவனங்கள்தான் எடுத்துக்காட்டாக வரும். அவையும் இந்த உரையில் வரும். ஆனால் இந்த ஊரில் நின்றுகொண்டு அங்கிருந்து தொடங்குவது முறையல்ல. நூறாண்டுக்கு மேற்பட்ட பாடம் ஒன்று இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், கடலுக்கு நடுவே நிற்கிறது.

உரையின் மையக் கருத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு நிறுவனம் தன் அறிவைக் கோப்பிலோ கணினியிலோ சேர்த்து வைப்பதால் காப்பாற்றிக்கொள்வதில்லை. அனுபவம் உள்ளவரும் புதிதாக வந்தவரும் ஒரே வேலையில் பக்கத்தில் பக்கத்தில் நின்ற நாட்கள் எத்தனை என்பதைப் பொறுத்துத்தான் அந்த அறிவு நிற்கிறது அல்லது போகிறது. அந்த நாட்களுக்கு இந்த உரையில் 'உடன்பணிக் காலம்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். காகிதம் வேண்டாம் என்பதல்ல வாதம். உடன்பணிக் காலம் அறுந்த இடத்தில் காகிதம் பேசாது என்பதே வாதம்.

1. கம்பியைத் தள்ளிய கைகள்

பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. சென்னை எழும்பூரில் போட் மெயில் ஏறியவர்கள் இந்தப் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் மாறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கொழும்பு ரயில் பிடித்த காலம் அது. சுமார் 2 கிலோமீட்டர் நீளம். 140-க்கும் மேற்பட்ட தூண்கள். நடுவே கப்பல்களுக்கு வழிவிடும் தூக்குப்பகுதி.

அந்தத் தூக்குப்பகுதியின் வடிவமைப்பு சிகாகோவைச் சேர்ந்த வில்லியம் ஷெர்சருடையது. பலரும் நினைப்பதுபோல அது கதவு கீலில் திரும்புவது மாதிரித் திறப்பதில்லை. இரண்டு இறக்கைகளின் அடிப்பாகமும் பெரிய சக்கரத்தில் வெட்டிய துண்டு போல வளைந்திருக்கும். சாய்வு நாற்காலி பின்னால் சாய்வதைப் போல, வளைந்த அடி பின்னோக்கி உருள உருள இறக்கையின் நுனி வானம் நோக்கி எழும். எதிர்ப்பக்கத்தில் கனமான எடை தொங்கி இறக்கையின் பாரத்தைச் சமன் செய்யும். அதனால்தான் சில நூறு டன் இரும்பை, மோட்டார் எதுவும் இல்லாமல், ஆட்கள் நீளக் கம்பிகளைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி நடந்து பற்சக்கரத்தை ஓட்டியே திறக்க முடிந்தது.

இனி அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். மன்னார் வளைகுடாவிலிருந்து பாக் நீரிணைக்குப் போக வேண்டிய ஆழ்கடல் விசைப்படகுகளும் இழுவைக் கப்பல்களும் தெற்கே நங்கூரம் போட்டுக் காத்திருக்கின்றன. துறைமுக அலுவலகம் கேட்டிருக்கிறது, ரயில்வே நேரம் ஒதுக்கியிருக்கிறது. கடைசி வண்டி போனதும் ஆட்கள் தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்து நடுப்பாலத்துக்கு வருகிறார்கள். இரண்டு இறக்கையும் சேரும் இடத்தில் பூட்டு விலக வேண்டும், தண்டவாள இணைப்பு விலக வேண்டும். பிறகு கம்பியில் கை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் எழ வேண்டும். எழுந்த இறக்கை பாய் விரித்த மாதிரிக் காற்றை வாங்கும். வாடைக் காற்றில் ஒரு பக்கத்துக் கம்பி கனக்கும். கச்சான் அடித்தால் மறுபக்கம்.

திறப்பதைவிட மூடுவதில்தான் நுட்பம் அதிகம். இரும்பு வெயிலில் நீளும். காலையில் ஒழுங்காகப் பொருந்திய நுனிகள் உச்சி வெயிலில் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் தண்டவாளத்தின் இரு முனைகளும் அடுத்த வண்டியின் சக்கரம் தடுக்காமல் போகும் அளவுக்கு நேராக வந்து உட்கார வேண்டும். கடைசிச் சில அடிகளில் எவ்வளவு விட்டுப் பிடிப்பது, பற்சக்கரத்தின் எந்த ஓசைக்கு நிறுத்திக் கிரீஸ் போடுவது, கீழே நீவாடு என்னும் நீரோட்டம் இழுக்கும்போது எந்தப் படகை முதலில் விடச் சொல்வது. இவற்றில் எத்தனை வரைபடத்தில் இருக்கும்?

வரைபடத்தில் இறக்கையின் நீளமும் எடையும் இருக்கும். பராமரிப்புப் பதிவேட்டில் என்றைக்குப் பெயிண்ட் அடித்தார்கள், எந்தத் தட்டை மாற்றினார்கள் என்பது இருக்கும். இந்தக் கடற்கரையின் உப்புக் காற்று இரும்பை எப்படித் தின்னும் என்பதை ஆராயவே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் ஒரு சோதனை நிலையம் நடத்துகிறது. அந்த அறிவெல்லாம் எழுத்தில் உண்டு. ஆனால் துருவைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து "இது மேல்துரு, இது உள்ளே போய்விட்டது" என்று ஓசையை வைத்துச் சொல்லும் அறிவு, அப்படிச் சொல்லத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று பல மாதம் கேட்டவருக்குத்தான் வரும்.

மைக்கேல் பொலானி என்ற அறிஞர் 1966-ல் எழுதிய நூலில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்: மனிதர்கள் சொல்லக்கூடியதைவிட அதிகமாக அறிந்திருக்கிறார்கள். மேலாண்மைத் துறை இதைப் பாடப்புத்தகத்தில் சேர்த்துக்கொண்டது 1990-களில்தான். பாம்பனில் கம்பியைத் தள்ளியவர்கள் அதற்கு 80 ஆண்டுகள் முன்பிருந்தே பக்கத்தில் நிற்கவைத்தே தொழிலைக் கைமாற்றி வந்தார்கள்.

2. 46 நாட்கள்

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலை இந்த மாவட்டத்தாருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. தனுஷ்கோடி போய்ச் சேர வேண்டிய பயணிகள் ரயில் கடலுக்குள் போனது. தனுஷ்கோடி என்ற ஊரே அத்தோடு முடிந்தது. பாம்பன் பாலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்கள் அடித்துக்கொண்டு போயின. தூக்குப்பகுதி நின்றது.

சீரமைக்க ரயில்வே முதலில் வைத்த காலக்கெடு ஆறு மாதம். பிறகு அது மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாட்களில் முடித்தார். பின்னாளில் கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் கட்டியவர் அவரே. இந்த 46 நாள் கதை பெரும்பாலும் ஒரு தனிமனிதரின் திறமைக் கதையாகவே சொல்லப்படுகிறது. அந்தத் திறமையில் ஐயமில்லை. ஆனால் நிறுவன அறிவைப் பற்றிப் பேச வந்த இடத்தில் வேறொன்றையும் கவனிக்க வேண்டும்.

கர்டர்களைப் புதிதாகச் செய்து கொண்டுவந்து மாட்டியிருந்தால் மாதங்கள் ஆகியிருக்கும். வேலையைச் சுருக்கியது, கடலுக்குள் விழுந்த பழைய கர்டர்களையே எடுத்து மீண்டும் தூண்களில் ஏற்றியது. அவை கடலடியில் எங்கே கிடக்கின்றன என்ற செய்தி மீனவர்கள் வழியாக வந்தது என்பது அந்தச் சீரமைப்பைப் பற்றி வழங்கிவரும் விவரம். சற்று நின்று யோசித்தால் இதன் கனம் தெரியும். அப்போது அந்தப் பாலத்துக்கு மிகவும் வேண்டியிருந்த அறிவு ரயில்வேயின் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ரயில்வேயின் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்களிடம் இருந்தது. அதைக் காதில் வாங்கும் இடத்தில் பொறுப்பாளர் இருந்தார். கரையில் நின்று ஆட்களோடு ஆளாக வேலை வாங்காமல், மதுரையிலோ சென்னையிலோ மேசையில் இருந்திருந்தால் அந்தச் செய்தி அவரிடம் வந்து சேர்ந்திருக்குமா?

உடன்பணி என்பது மூத்தவருக்கும் இளையவருக்கும் இடையே மட்டும் நடப்பதல்ல. நிறுவனத்துக்கும் அது நிற்கும் ஊருக்கும் இடையிலும் அது நடக்க வேண்டும்.

3. காகிதம் பேசாமல் போன இடங்கள்

இதற்கு மாறான கதைகள் உலகில் நிறைய. பணமும் படிப்பும் மிகுந்த நிறுவனங்களிலேயே அவை நடந்திருக்கின்றன.

அமெரிக்காவில் அணு ஆயுதங்களுக்குள் பயன்படும் ஒரு பொருளுக்கு 'ஃபாக்பேங்க்' என்று மறைபெயர். அதை 1975 முதல் 1989 வரை டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜில் செய்தார்கள். பிறகு ஆலையை நிறுத்திவிட்டார்கள். 2000-ஆம் ஆண்டு வாக்கில் பழைய ஆயுதங்களைப் புதுப்பிக்க அந்தப் பொருள் மறுபடி வேண்டியிருந்தது. செய்தவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றிருந்தார்கள். இருந்த குறிப்புகளோ சொற்பம். மீண்டும் உருவாக்குவதற்குப் பல ஆண்டுகளும் கோடிக்கணக்கான டாலரும் ஆயின. கடைசியில் தெரிந்த காரணம்தான் இந்த உரைக்கு முக்கியம். பழைய செய்முறையில் மூலப்பொருளோடு ஒரு கலப்பு சேர்ந்து வந்திருக்கிறது. புதிய ஆலையின் நவீனச் சுத்திகரிப்பு அதை நீக்கிவிட்டது. அந்தக் கலப்பு இல்லாமல் பொருள் சரியாக அமையவில்லை. அது தேவை என்பது பழைய ஆட்களுக்கே தெரியாது. ஆகவே எழுதிவைக்கவும் வழியில்லை.

இன்னொன்று நிலவுக்குப் போன சாட்டர்ன் 5 ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சின். நாசாவின் ஹன்ட்ஸ்வில் மையத்து இளம் பொறியாளர்கள் 2012-13 வாக்கில், கிடங்கில் இருந்த எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார்கள். வரைபடங்கள் இருந்தன. ஆனால் எஞ்சின் வரைபடத்தின்படி இல்லை. வெல்டிங் செய்தவர்கள் இடத்துக்கு இடம் தம் கையறிவால் சிறுசிறு மாற்றம் செய்திருந்தார்கள். எஞ்சின் ஓடியது அந்த மாற்றங்களோடுதான்.

எழுதிவைக்காததுதான் குறை என்றால், எல்லோரையும் எழுதவைத்துவிட்டால் போதுமா? அதையும் ஒரு நல்ல நிறுவனம் செய்து பார்த்தது. இன்ஃபோசிஸ் நிறுவனம் 2000-களின் தொடக்கத்தில் அறிவு மேலாண்மைக்கென்று தனி அமைப்பு வைத்தது. ஊழியர்கள் தம் அனுபவத்தை எழுதி நிறுவனத்தின் உள்தளத்தில் ஏற்ற வேண்டும். அதற்குப் புள்ளிகள் கிடைக்கும். புள்ளிகளைப் பரிசாக மாற்றிக்கொள்ளலாம். நோக்கம் நல்லது. ஆனால் கட்டுரைகள் மழையாகப் பெய்தன. மதிப்பிட வேண்டியவர்கள் திணறினார்கள். எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாமல், அவசரத்தில் இருந்தவர்கள் பழையபடி தெரிந்தவருக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். நிறுவனமே இதை உணர்ந்து முறையைத் திருத்தியது. அந்தத் திருத்தமும் ஆய்விதழ்களில் பாடமாக வந்திருக்கிறது.

ஜெராக்ஸ் நிறுவனத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். நகல் இயந்திரம் பழுது பார்ப்பவர்களைக் கூடவே இருந்து ஆராய்ந்த ஜூலியன் ஓர் என்ற மானிடவியல் அறிஞர், அவர்கள் தொழில் கற்பது கையேட்டில் அல்ல, காலைச் சாப்பாட்டின்போது சொல்லிக்கொள்ளும் கதைகளில் என்று கண்டார். "அந்த ஆபீசு மெஷின் எர்ரர் காட்டியதே, கடைசியில் என்ன தெரியுமா..." என்று தொடங்கும் கதைகள். பிறகு அந்தக் கதைகளைச் சேர்க்க 'யுரேகா' என்ற தொகுப்பை நிறுவனம் உருவாக்கியபோது, என்ன வெகுமதி வேண்டும் என்ற பேச்சு வந்தது. பழுது பார்ப்பவர்கள் பணம் கேட்கவில்லை. குறிப்பின் கீழே தங்கள் பெயர் இருக்கட்டும் என்றார்கள். சகதொழிலாளிகள் சோதித்துச் சரி என்ற பிறகே குறிப்பு உள்ளே போகும். அந்தத் தொகுப்பு வாழ்ந்தது. அங்கே எழுத்து, கூடி வேலை செய்தவர்களிடமிருந்து வந்து அவர்களிடமே திரும்பிப் போனது.

4. கம்பெனி போன பிறகும் பாசி

மீண்டும் நம் கரைக்கு வருவோம்.

இந்தக் கடற்கரைப் பெண்கள் தலைமுறைகளாகப் பாசி எடுப்பவர்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் பெயர் சொல்லிப் பிரிக்கும்போது கடலடியின் எந்தப் பாறையில் எது வளரும், எந்தப் பிறைக்கு நீர் தெளியும் என்பதும் அந்தப் பெயர்களோடு சேர்ந்தே வரும். 2000-ஆம் ஆண்டையொட்டி பெப்சிகோ நிறுவனம் பாக் நீரிணைக் கரையில் 'கப்பாஃபைகஸ்' என்ற வெளிநாட்டுப் பாசியை வளர்க்கும் தொழிலைத் தொடங்கியது. ஐஸ்கிரீமிலிருந்து பற்பசை வரை கெட்டியாக்கப் பயன்படும் 'காரஜீனன்' என்ற பொருள் அதிலிருந்து கிடைக்கிறது. இந்தியாவில் இந்தப் பாசியைப் பழக்கியது மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனம். அதன் மண்டபம் நிலையத்திலிருந்துதான் தொழில்நுட்பம் கரைக்கு வந்தது.

முறை எளிது போலத் தோன்றும். மூங்கிலைச் சதுரமாகக் கட்டி மிதவை. குறுக்கே கயிறுகள். கயிற்றில் விதைப் பாசித் துண்டுகள். அடியில் மீன் தின்னாமல் வலை. 45 நாளில் அறுவடை. அறுத்ததில் ஒரு பங்கை அடுத்த விதைக்கு வைத்துக்கொண்டு மீதியைக் காயவைப்பது. ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்.

கரையில் உட்கார்ந்து விதை கட்டும் பெண்களைப் பார்த்தால் அந்த ஒரு பக்கம் போதாது என்று தெரியும். துண்டை விரலில் எடுத்து லேசாக வளைத்துப் பார்ப்பார்கள். பட்டென்று ஒடிந்தால் நல்ல விதை. தொய்ந்தால் தள்ளிவிடுவார்கள். நுனி வெளுத்திருந்தால் அந்தக் கயிற்றையே தனியே வைப்பார்கள்; அது பரவும் நோய். இழுத்துக் கட்டினால் வளர வளரத் தண்டு அறுந்துவிடும், தளரக் கட்டினால் அலை பிடுங்கிக்கொண்டு போகும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு என்பதைக் கூட உட்கார்ந்திருக்கும் தாயோ மாமியாரோ முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டிக் காட்டுவார்.

2008-ல் பெப்சிகோ அந்தத் தொழிலைவிட்டு வெளியேறியது. வேறொரு நிறுவனம் அதை ஏற்று நடத்தியது. மேலாளர்கள் மாறினார்கள், பெயர்ப்பலகை மாறியது, கணக்குப் புத்தகம் மாறியது. வேலை நிற்கவில்லை. காரணம், கட்டத் தெரிந்தவர்கள் கரையிலேயே இருந்தார்கள். ஒரு நிறுவனத்தின் உண்மையான சொத்து யாரிடம் இருந்தது என்பதை அந்தக் கைமாற்றம் காட்டிவிட்டது. ஆனால் அந்தச் சொத்துக்கு உரியவர்கள் எந்த ஒப்பந்தத்திலும் அப்படிக் குறிக்கப்படவில்லை. இது மனத்தை உறுத்தும் செய்தி.

2013-14 வாக்கில் கடல் சூடேறிப் பாசி கூட்டம் கூட்டமாக மடிந்தது. உற்பத்தி வீழ்ந்தது. பல குடும்பங்கள் தொழிலைவிட்டன. இந்த இடத்தில்தான் உடன்பணிக் காலம் அறுந்தது. பிறகு ஆய்வகத்திலிருந்து திசு வளர்ப்பு நாற்று வந்தது. அரசுத் திட்டங்கள் வந்தன. 2023 செப்டம்பரில் தொண்டிக்குப் பக்கத்தில் வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கே பயிற்சி தரப்போகிறவர்கள் யார் என்ற கேள்விக்குப் பட்டம் மட்டும் விடையாக இருக்கக் கூடாது. 15 ஆண்டு விதை கட்டிய பெண் ஒருவர் பயிற்சியாளர் என்ற பெயரோடும் சம்பளத்தோடும் அந்தப் பூங்காவில் அமர வேண்டும். இந்தப் பாசி பவளப்பாறைகளில் படர்ந்துவிட்டதைக் குருசடைத் தீவருகே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மிதவையிலிருந்து அறுந்த துண்டு எங்கே போய்ச் சேரும் என்பதையும் நீவாடு அறிந்த அந்தப் பெண்களிடமிருந்துதான் முதலில் கேட்டறிய வேண்டும்.

5. ஏன் சொல்லித்தர வேண்டும்?

இதுவரை சொன்னதில் ஒரு கேள்வியைத் தள்ளிப்போட்டு வந்தோம். தெரிந்தவர் ஏன் சொல்லித்தர வேண்டும்?

தனக்கு மட்டும் தெரிந்த வேலை தன் வேலையைக் காப்பாற்றும் என்று நினைப்பவரைக் கஞ்சன் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறை ஒப்பந்ததாரர் மாறும்போதும் அவர் மறுபடி புது ஆள். பத்தாண்டு அதே மெஷினில் நின்றிருந்தாலும் பதிவேட்டில் அவருக்கு அனுபவம் ஓராண்டுதான். சொல்லித்தந்தால் தன்னைவிடக் குறைந்த கூலிக்கு இன்னொருவர் வருவார் என்ற பயம் அவருக்கு நியாயமானது. பாதுகாப்பற்ற வேலையில் உடன்பணி வளராது. நிரந்தரப் பணியிடங்களைக் காலியாக வைத்துவிட்டு, மறுபக்கம் அறிவு மேலாண்மைக் கருத்தரங்கு நடத்தும் நிறுவனங்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

இடமாற்றமும் அப்படியே. ஓர் அதிகாரி மாறும்போது சார்ஜ் லிஸ்டில் நாற்காலி, பீரோ, ஜீப் சாவி எல்லாம் ஒப்படைக்கப்படுகின்றன. புதியவர் வரும் நாளில் பழையவர் வண்டி ஏறியிருப்பார். இருவரும் ஒரு வாரமாவது சேர்ந்து களத்தில் நடந்தால்தான், எந்தத் தீர்மானம் எதனால் எடுக்கப்பட்டது என்பது கைமாறும். என்ன செய்தோம் என்பது கோப்பில் இருக்கும். வேறொன்றை ஏன் செய்யாமல் விட்டோம் என்பது பெரும்பாலும் கோப்பில் இருக்காது. அடுத்து வருபவர் அதே சுவரில் முட்டிக்கொள்வது இதனால்தான்.

ஒரு நல்ல எடுத்துக்காட்டும் நம் ஊர்ப்பக்கத்தில் உண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-ல் தொடங்கி, 1949-ல் மண்டபம் முகாமுக்கு வந்தது. தலைமையகம் 1971-ல் கொச்சிக்குப் போய்விட்டது. அத்தோடு மண்டபம் ஓய்ந்திருக்கலாம். ஓயவில்லை. நிலையம் இருந்தது; ஆய்வாளர்களும் களப்பணியாளர்களும் தொடர்ந்து இருந்தார்கள். 2010-ல் கடல் விரால் என்னும் கோபியா மீனை இந்தியாவில் முதல்முறையாகக் குஞ்சு பொரிக்கவைத்தது மண்டபம்தான். தாய்மீனைக் கூண்டில் பழக்கி, அது முட்டையிடும் பக்குவத்தை அறிந்து, குஞ்சுக்கு முதல் இரை கொடுப்பது வரை எல்லாமே நாளும் பொழுதும் பக்கத்தில் இருந்து பார்த்தால் மட்டும் வரும் அறிவு.

6. தோல்வியை யாரிடம் விட்டுவைப்பது?

ராமேசுவரத்தில் பிறந்து, இதே ராமநாதபுரத்து சுவார்ட்ஸ் பள்ளியில் படித்த அப்துல் கலாமை இங்கே நினைவுகூர ஒரு காரணம் உண்டு. அவர் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட் 1979 ஆகஸ்ட் 10 அன்று கடலில் விழுந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் நைட்ரிக் அமிலம் கசிந்ததே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. அன்று செய்தியாளர்களைச் சந்தித்துப் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். குழுவைக் கலைக்கவில்லை. அதே குழுவே அடுத்த ராக்கெட்டிலும் வேலை செய்தது. 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் நின்றது.

இதைப் பெருந்தன்மைக் கதையாக மட்டும் சொல்வது போதாது. தோல்வியின் விவரம் முழுமையாகத் தெரிந்தவர் அதைச் செய்தவரே. அவரை வெளியே அனுப்பினால் அந்த நிறுவனம் மிக அதிக விலை கொடுத்து வாங்கிய பாடம் அவரோடு வாசலைத் தாண்டிப் போய்விடும். தண்டனைக்குப் பயந்து தவறை மறைப்பவர்கள் நிறைந்த அலுவலகத்தில் விபத்து அறிக்கை எத்தனை பக்கம் இருந்தாலும், அடுத்தவருக்கு வேண்டிய வரி அதில் இருக்காது.

தரச்சான்று வாங்கும் கம்பெனிகளுக்கு ஒரு குறிப்பு. ஐஎஸ்ஓ 9001 தரநிலையின் 2015 பதிப்பில் 7.1.6 என்ற பிரிவு, நிறுவன அறிவைக் கண்டறிந்து பேணி, வேண்டியவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. தணிக்கைக்கு முந்தின நாள் ஒரு கோப்பைத் தயாரித்து அந்தப் பிரிவை நிறைவேற்றிவிடலாம். அல்லது ஒருவர் ஓய்வுபெற ஓராண்டு இருக்கும்போதே அவருடைய இடத்துக்கு வருபவரைப் பணியமர்த்தி, இரண்டு பேருக்கும் சம்பளம் கொடுக்கலாம். கணக்குத்துறை இதை இரட்டைச் செலவு என்று மறிக்கும். அந்தச் செலவுதான் உடன்பணிக் காலத்தின் விலை. ஃபாக்பேங்க் கணக்கோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை.

7. இப்போது, பாம்பனில்

பழைய பாலத்தில் ரயில் ஓட்டம் 2022 டிசம்பர் 23 அன்று நின்றது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக வண்டிகள் மண்டபத்தோடு திரும்பின. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. இதில் இறக்கை இல்லை. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி முழுவதும் மின்தூக்கி போல நேராக 17 மீட்டர் எழுகிறது. மோட்டார், உருக்குக் கயிறு, கட்டுப்பாட்டு அறை, சென்சார். கம்பி தள்ளும் வேலை இல்லை. சில நிமிடத்தில் எழுந்துவிடுகிறது. தொழிலாளியின் தோளை நோகவைத்த வேலை போனதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

ஆனால் காற்று அதே காற்று. உப்பு அதே உப்பு. நீவாடு அதே நீவாடு. அவற்றை நூறாண்டு அறிந்தவர்களின் கடைசித் தலைமுறையும், புதிய மோட்டாரை இயக்கும் முதல் தலைமுறையும் ஒரே நேரத்தில் இருக்கும் ஆண்டுகள் இவை. பழைய பாலம் பிரித்தெடுக்கப்பட்ட பிறகு, அவர்களிடம் சுட்டிக்காட்டிக் கேட்க இரும்பும் இருக்காது.

அதனால் அவையில் இருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு உங்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் ஒரு போனை எடுத்துக்கொண்டு பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் போங்கள். தூக்குப்பாலத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களைத் தேடுங்கள். புதிய பாலத்தின் இளம் டெக்னீசியன் ஒருவரையும் அனுமதி வாங்கிக் கூட்டிக்கொண்டு போங்கள். பொதுவாகக் கேட்காதீர்கள். முடிந்தால் கரையில் நின்று பாலத்தைக் காட்டியே கேளுங்கள்: உச்சி வெயிலில் இறக்கையை இறக்கும்போது முதலில் எந்த இடத்தைப் பார்ப்பீர்கள்? காற்று திரும்பப் போகிறது என்பது கம்பியில் எப்படித் தெரியும்? எந்தச் சத்தம் வந்தால் நிறுத்துவீர்கள்? யார் உங்களுக்குச் சொல்லித்தந்தார்? பதில் வரும்போது அந்த இளம் டெக்னீசியன் முகத்தைப் பாருங்கள். அவர் என்ன எதிர்க்கேள்வி கேட்கிறார் என்பதையும் பதிவு செய்யுங்கள். சொன்னவரின் பெயரை, அவர் இசைவோடு, ஒவ்வொரு குறிப்பின் கீழும் எழுதுங்கள்.

பதிவின் ஒரு பிரதி இந்தக் கல்லூரி நூலகத்துக்கு, இன்னொன்று பாலத்தின் கட்டுப்பாட்டு அறைக்கு.